புட்டு என்றால் நேரே

வெளிக்கிடும்போது யோகராசா சித்தப்பா வலது மோதிரவிரலைக் கதவு நிலையில் வைத்து அழுத்துவார். விளையாட்டில் முறிந்து, வளைந்தபடியே பொருந்திய விரல். நகம் வெளுக்கும்வரை மெதுவாக அழுத்துவார். விட்டதும் பழையபடி வளைந்துகொள்ளும். பிறகு சப்பாத்து மாட்டுவார்.

எண்பதுகளில் அகதியாக ஒஸ்லோ வந்து, தலைக்கவசம் போட்டு ஆளை ஆள் முட்டி விழுத்தும் அமெரிக்க உதைபந்து ஆடப் போனவர். "கையிலை கொண்டோடுறதுக்கு ஏன் உதைபந்தெண்டு பேர்?" என்று எங்கள் ஆட்கள் பகிடி பண்ணுவார்கள்.

"உதை எனக்கு, பந்து அவங்களுக்கு" என்பார்.

ஒரு வருடம் ஜெர்மனியில் சம்பளத்துக்கும் ஆடினார். முழங்கால் போன பிறகு, ஒஸ்லோவின் ஒரு முனையில், ரொம்சோஸில் இருந்துகொண்டு ஒரு சின்னக் கழகத்துக்குக் கோச் ஆனார். எதிரணிக்கு விளங்கக்கூடாதென்று ஆட்டமுறைகளுக்குத் தமிழ்ப்பெயர் வைத்தார். புட்டு என்றால் நடுவால் நேரே இடித்துக்கொண்டு போவது. இடியப்பம் என்றால் சுற்றிப் போவது. நோர்வேப் பொடியளும் பாடமாக்கினார்கள்.

இரண்டாயிரத்து ஏழில் அவருக்குப் பெயர்கள் தடுமாறின. கமலேஸ்வரிச் சித்தியைத் தன் தங்கையின் பெயரால் கூப்பிட்டார்.

"தலையிலை எத்தினை இடி வாங்கினனீங்கள். டொக்டரிட்டைப் போவம்."

"போனால் கழகத்தாலை நிப்பாட்டிப்போடுவாங்களப்பா."

சித்தி விடவில்லை. கடைசியில் அவரே சொன்னார்: "சனிக்கிழமை மச்சிலை நான் சொல்லுற ஆட்டம் ஒண்டு பிழைச்சாலும் வாறன். பிழைக்காட்டி நீர் இதைப்பற்றிக் கதைக்கப்படாது."

"ஓம்" என்றா சித்தி.

அன்றைக்கு மழைக்குளிர். நானும் சித்தியும் மைதானத்தின் மற்றக் கரையில் நின்றோம். அவர் கத்துவது காற்றில் கேட்கவில்லை. வாய் திறப்பதும் பொடியள் தயங்காமல் ஓடுவதும்தான் தெரிந்தன. வென்றார்கள். சித்தி கைதட்டவில்லை.

"பாத்தீரே" என்றார் காரில்.

டொக்டர் கதை அதோடு நின்றது. இரண்டு வருடம் கழித்து, பயிற்சிக்கென்று போனவர் நகரத்தின் மறுமுனையில், பியோர்ண்டாலில் நின்று, தன் வீடு எங்கே என்று ஆட்களைக் கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகுதான் டொக்டரிடம் காட்டினோம். முந்தியே வந்திருந்தால் அவரைக் களத்திலிருந்தாவது எடுத்திருக்கலாம் என்றார் டொக்டர். அதுவரைக்கும் சித்தப்பா பொடியளுக்கு முட்டிக் காட்டித்தான் பழக்கிக்கொண்டிருந்தார்.

அந்த அணியில் ஆடிய நிதுசனைப் பிறகொருநாள் மெட்ரோவில் கண்டபோது, அந்தச் சனிக்கிழமை மச்சைப் பற்றிக் கேட்டேன்.

"அண்டைக்கு அவர் சொன்னதை ஒருத்தரும் கேக்கேல்லை அண்ணை. பயிற்சியிலையே அவருக்குப் பேர்கள் தடுமாறினது. மச்சிலையும் பிழைவிட்டால் அவரை நிப்பாட்டிப்போடுவாங்களெண்டு, முதல்நாளே நாங்கள் எங்களுக்குள்ளை கதைச்சு வைச்சு ஓடினனாங்கள். அவர் பாதிநேரம் தோசை, தோசை எண்டு கத்திக்கொண்டு நிண்டவர். தோசை எண்டு எங்களிட்டை ஒண்டும் இருக்கேல்லை."