பாஞ்சாலை அக்காவின் ஆறு ஜிபி

ஆரணியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன் நான், பெயர் கோபிநாத். சேவூர் பாஞ்சாலை அக்காவைப் பற்றி யாரும் எழுதப் போவதில்லை என்பதால் நான் எழுதுகிறேன். அவருக்கு நான் செய்ததையும் சேர்த்துத்தான்.

பட்டுச் சேலை முதலாளி வேணுகோபாலிடம் பதினோரு வருஷமாக அக்கா டிசைன் போடுகிறார். கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக நிறம் நிரப்பி பார்டரும் முந்தானையும் வரைகிற வேலை. ஊர் மெச்சிய சேலைகள் பல அவர் போட்டவை. ஆனால் கடையில் கேட்டால் "வேணு டிசைன்" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்கா சிரித்துவிட்டுப் போவார்.

போன வருஷம் அவருக்குக் கண் மங்கியது. நுணுக்கமான வேலை இனிமேல் கூடாது, மீறினால் இருக்கிற பார்வையும் போய்விடும் என்று வேலூர் டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து புதிதாக எதையும் வரைவதில்லை. பழைய பார்டரைப் பழைய முந்தானையோடு சேர்த்து, நிறத்தை மாற்றிக் கொடுத்துப் பிழைப்பை ஓட்டினார். அந்த ஃபைல்கள் இருக்கிறவரைதான் அவருக்கு வேலை.

ஹார்ட் டிஸ்க் டொக் டொக்கென்று சத்தம் போட ஆரம்பித்தபோதே முதலாளியிடம் மூன்று தடவை சொன்னார். "ஓடிகினு தானே இருக்குது" என்று அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஒருநாள் மெஷின் பாதியில் நின்ற பிறகுதான் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

புது எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்றைக் கையில் கொடுத்து, மொத்தத்தையும் அப்படியே அதில் நகலெடுத்து குளோன் பண்ணச் சொன்னார். பின்பக்கம் இருந்த இரண்டு வேகமான யுஎஸ்பி ஓட்டைகளிலும் ஆயுத பூஜைச் சந்தனம் இறுகிக் கிடந்தது. வருஷா வருஷம் முதலாளி தன் கையாலேயே அப்புவது அது. ஊசியால் நோண்டிப் பார்த்தேன். உள்ளே தகடு பச்சை பூத்து வீணாகியிருந்தது. முன்பக்கத்துப் பழைய ஓட்டையில் செருகினால் முப்பத்தாறு மணி நேரம் என்று காட்டியது.

"டிஸ்க்க கழட்டி என் லேப்டாப்புல மாட்டினா ஜல்தியா ஆயிடும் சார்."

"என் டிசைன் உன் லேப்டாப்புல ஏறணுமா? பெட்டியத் தொறக்காத." ஆரணியில் எந்த முதலாளிக்கும் இந்தத் திருட்டுப் பயம் உண்டு.

"அவ்ளோ நேரம் இது தாங்காது சார். முக்கியமானத மட்டும் காப்பி பண்ணிடறேன். எது மொதல்ல?"

"டிசைன் தம்பி. ஆறு ஜிபிதான்," என்றார் அக்கா. இருபது நிமிஷ வேலை.

"பொண்ணு கல்யாண வீடியோவப் போடு," என்றார் முதலாளி. "அது போச்சுன்னா மறுபடியும் கல்யாணம் பண்ண முடியுமா?"

வீடியோ தொண்ணூறு ஜிபி. பத்தரைக்கு ஆரம்பித்தேன். பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த முதலாளி மதியம் சாப்பிடப் போனார்.

"அவரு வர்றதுக்குள்ள என்னுத போட்டுடு தம்பி," என்றார் அக்கா. கை கூப்பாத குறைதான்.

"நடுவுல நிறுத்தினா எல்லாம் கெட்டுடும் அக்கா."

பொய். தாராளமாக நிறுத்தலாம். முதலாளியின் மூன்று கடைகளிலும் கண்காணிப்பு கேமராவைப் பராமரிப்பது நான்; அந்த வேலை கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம். அக்கா என்னை நம்பினார்.

முதலாளி சாப்பிட்டுத் திரும்பி வந்தார். மூன்றரைக்கு வீடியோ முழுசாக வந்து சேர்ந்தது. டிசைன் ஃபோல்டரைத் தொட்டேன். டொக் டொக் சத்தம் நின்றுபோனது. என்னென்னவோ செய்து பார்த்தேன், டிஸ்க் எழுந்திருக்கவில்லை. சென்னைக்கு அனுப்பினால் எடுத்துத் தருவார்கள் என்றேன்.

"அங்க எவன் எவன் பாப்பானோ, வேணாம்," என்ற முதலாளி வீடியோவைப் போட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "டிசைன் போனா இன்னா? போட்டவ இங்கதானே இருக்கா. பாஞ்சால, இதுல பொண்ணு கட்டிகினு இருக்கிற முகூர்த்தச் சேலை நீ போட்டதுதானே? நிறுத்தி நிறுத்திப் பாத்து மொதல்ல அதையே போடு."

"கண்ணு தெரியலீங்க முதலாளி."

"கிட்ட ஒக்காந்து பாரு."

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு, மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தார். நான் கேபிளைச் சுருட்டிப் பையில் போட்டேன்.

"கோபி, மூணாவது கடை கேமரா மங்கலா தெரியுது," என்றார் முதலாளி. "காலைல மொத வேலையா வந்து பாத்துடு."

"சரிங்க சார்," என்றேன்.