பூசாத வீடு

ஜாஸ்பருக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. கங்கைகொண்டானில் கட்டட மேற்பார்வை வேலை. பகல் முழுக்க அங்கே நடந்துவிட்டு, பாளையங்கோட்டைக்கு வந்தும் தன் புதுவீட்டைச் சுற்றிச்சுற்றி வருவார். செங்கலைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி வைத்து, நடுவே காற்றுக்கு இடம் விட்டுக் கட்டிய சுவர். செங்கலும் மிச்சம், சிமெண்டும் மிச்சம், வெயிலும் உள்ளே வர யோசிக்கும். அழகான செங்கலைப் பூசி மூட மாட்டேன் என்று ஒரே பிடிவாதம்.

அந்தப் பிடிவாதத்துக்கு ஊருக்கெல்லாம் பதில் சொன்னது அவர் மனைவி டார்லின்தான். பள்ளிக்கூட ஆசிரியை, நாலு பேர் முகத்தில் விழிக்க வேண்டியவள்.

"வாரவங்கல்லாம் எப்பப் பூசுவியன்னு கேக்காவ. நான் என்ன சொல்ல?"

"இதான் வீடுன்னு சொல்லு."

"நீங்க சொல்லிட்டு சைட்டுக்குப் போயிருதீய. எனக்குல்லா பதில் சொல்லி மாளலை."

போன ஞாயிற்றுக்கிழமை விஷயம் முற்றிவிட்டது. வேதக்கோவில் பெண்கள் சங்கத் தலைவி பாக்கியவதி அக்கா, அத்தனை பேர் நடுவில், "ஆண்டவரே, டார்லின் வீட்டுப் பூச்சு வேலை தடைபட்டு நிற்கிறது, வழி திறந்தருளும்" என்று உருகி ஜெபித்துவிட்டார். டார்லின் வீட்டுக்கு வந்து அழுதாள். ஜாஸ்பருக்கு மனசு தாங்கவில்லை. அடுத்த வாரத் திங்கட்கிழமை பூச வரும்படி கொத்தனாரிடம் சொல்லிவிட்டார். சொன்ன நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு திரிந்தார்.

சனிக்கிழமை மத்தியானம், சித்திரை வெயிலில் வாசலில் ஒரு லோடு ஆட்டோ நின்றது. நிறைய சிமெண்ட் மூட்டைகள். பின்னாலேயே பாக்கியவதி அக்காவும் சங்கத்துப் பெண்களும்.

"வெக்கப்படாத ளா, எல்லாரும் சேந்து வாங்குனோம்" என்றார் அக்கா.

ஜாஸ்பருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அன்போடு கொண்டுவந்து நிற்பவர்களிடம் எப்படிச் சண்டை போடுவது? கொல்லைப்பக்கம் போனார். அங்கேயும் நிற்க முடியாமல் ஜன்னலோரம் வந்தார்.

உள்ளே எல்லோரும் உட்கார, கரண்ட் போனது. அக்கா ஜெபத்தை ஆரம்பித்தார். கோடையில் மின்விசிறி நின்றால் அக்காவின் ஜெபம் இரண்டே வரியில் முடிந்துவிடும், அது சபைக்கே தெரியும். அன்றோ செங்கடலைக் கடந்து, எரிகோ மதிலைச் சுற்றி, போய்க்கொண்டே இருந்தது. ஒருத்தியும் முந்தானையால் விசிறவில்லை. ஓரத்தில் ஒரு அம்மாள் சுகமாகத் தூங்கியே விட்டார்.

ஆமென் சொல்லிக் கண் திறந்த அக்கா மேலே பார்த்தார்.

"ஏளா, கரண்டு எப்பப் போச்சு?"

"நீங்க ஜெபம் ஆரம்பிக்கும்போதே போயிட்டுக்கா."

அக்கா சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"சரி, கொத்தனார் எப்ப வாராரு?"

ஜாஸ்பர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"கொத்தனார் வர மாட்டாருக்கா" என்றாள் டார்லின். "சுவர் இப்படியேதான் இருக்கும். எங்களுக்கு இதுதான் பிடிச்சிருக்கு. சிமெண்டு கோவில் காம்பவுண்டுக்கு ஆகட்டும்."

ஜாஸ்பர் கொல்லைப்படியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே கொத்தனாருக்குப் போன் போட்டார்.