மூன்றாவது தடவை

டெர்வ்லா ஹெகார்ட்டி பெர்கன் நகரில் பஸ் ஓட்டுகிறாள். ஓயாமல் மழை பெய்யும் அயர்லாந்தின் கார்க் நகரை விட்டு, அதைவிட அதிகமாக மழை கொட்டும் நார்வேக்குக் குடிவந்தவளை என்னவென்று சொல்வது? கணவன் ஃபின்டனுக்கு இங்கே கப்பல் பட்டறையில் வெல்டர் வேலை கிடைத்தது. அவனோடு வந்தவள் பஸ்ஸைப் பிடித்துக்கொண்டாள். பயணிகள் பேசமாட்டார்கள், போகப்போக அவளும் பேசுவதில்லை. கார்க்கில் கல்லையும் பேசவைத்தவளின் வாய்க்குப் பூட்டு விழுந்துவிட்டதே என்று ஃபின்டன் கேலி செய்வான்.

நோரீன் வருகிறாள் என்றதும் அந்தப் பூட்டு தானாகக் கழன்றது. நோரீன் பள்ளிக்கூட நாளிலிருந்து தோழி. அவளும் கணவன் மாஸியும் நான்கு நாள் தங்குவதாக ஏற்பாடு. டெர்வ்லாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. துடைத்த ஜன்னலையே மறுபடி துடைத்தாள். பஸ்ஸில் ஏறியவர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்லிப் பாட்டும் முணுமுணுத்தாள். ஓட்டுநருக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று பாவம் அவர்கள் பின்சீட்டுக்கு நகர்ந்தார்கள்.

குதூகலத்துக்கு அடியில் ஒரு பயமும் இருந்தது. ஏழு வருடம் முன்பு வழியனுப்ப வந்த நோரீன், "அங்க போய் மீன் மாதிரி ஜில்லுன்னு ஆயிடாதடி" என்று சொல்லியிருந்தாள். சிரித்துக்கொண்டு சொன்னதுதான். ஆனாலும் முள்ளாகத் தைத்துக் கிடந்தது. இந்த நான்கு நாளில் நோரீன் வாயால் 'இவ நம்ம டெர்வ்லாதான்' என்று வந்துவிட்டால் போதும் அவளுக்கு.

வந்தார்கள். விமான நிலையத்தில் இரண்டு பெண்களும் கட்டிக்கொண்டு போட்ட கூச்சலில் காவலர் ஒருவர் என்னவோ ஏதோ என்று ஓடிவந்து பார்த்துவிட்டுப் போனார். வீட்டில் பெட்டியைத் திறந்தால் துணியைக் காணோம். டீத்தூள், சாசேஜ், சிப்ஸ் பொட்டலங்கள்.

"நாலு நாளும் ஒரே பேன்ட்டுதான் எனக்கு. உனக்குச் சீர் வரிசை கொண்டுவரணும்னு என் துணியெல்லாம் வெளிய எடுத்துப் போட்டுட்டா" என்றான் மாஸி.

டெர்வ்லா கெட்டிலைக் கையில் எடுத்தாள். "டீ போடட்டுமா நோரீன்?"

"வேண்டாம்டி, இப்பதான் பிளேன்ல குடிச்சேன். நீ உக்காரு."

"சரி" என்று கெட்டிலை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். நோரீனின் சிரிப்பு அப்படியே நின்றது.

"மாஸி, கேக் சாப்பிடறியா?"

"எனக்கா? ஐயய்யோ, வேண்டாம்மா."

"அப்ப நான் எடுத்துக்கறேன்" என்று தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள் டெர்வ்லாவின் எட்டு வயது மகள் கிட்டி.

ஏணியைத் திருப்பித் தர வந்தார் பக்கத்து வீட்டு டோர்பியோர்ன். காபி வேண்டுமா என்று டெர்வ்லா கேட்டதுதான் தாமதம், "ஆமா, குடுங்க. கேக்கும் குடுங்க" என்றார். இரண்டு துண்டு தின்றுவிட்டு, நன்றி சொல்லிவிட்டு, எழுந்து போனார். பட்டப்பகலில் நடந்த கொள்ளையைப் பார்ப்பது போல நோரீன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் விருந்தாளிகளுக்குத் துண்டு கொடுக்க மாடிக்குப் போன டெர்வ்லா, கதவுக்கு வெளியே நின்றுவிட்டாள். உள்ளே மொறுமொறு என்று சத்தம்.

"ஒரே ஒரு தடவை கேட்டா மாஸி. ரெண்டாவது தடவை கேட்டா வாய் வலிச்சிடுமா? அவங்கம்மா டீ பாத்திரத்தோட நம்மளத் தெருமுனை வரைக்கும் துரத்துவாங்க."

"கத்தாத. இன்னும் சிப்ஸ் இருக்கா?"

"நீயே தின்னு. எனக்குத் தொண்டைல இறங்கல. நம்ம டெர்வ்லா எங்கயோ போயிட்டா."

டெர்வ்லாவுக்கு முகம் சூடேறியது. கார்க்கில் முதல் தடவை வேண்டாம் என்பது மரியாதை. இரண்டாவது தடவை வேண்டாம் என்பது வளர்ப்பு. மூன்றாவது தடவை கேட்டால்தான் பதில். பிறந்த நாளிலிருந்து தெரிந்த கணக்கு, எப்படி மறந்தாள்? வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்று நம்பும் ஊரில் இருந்து இருந்து, அவளும் நம்பத் தொடங்கிவிட்டாள்.

கீழே போய் ஃபின்டனிடம் சொன்னாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"சிரிக்காத. நான் அப்படி ஆயிட்டேனா?"

"எனக்கும் ஒரு தடவைதான் கேக்கறே. ஒரு வாரம் பட்டினி கிடந்தேன். அப்புறம் கேட்டவுடனே ஆமான்னு சொல்லக் கத்துக்கிட்டேன். வேற வழி?"

அவ்வளவுதான், அவளுக்கு ஆவேசம் வந்துவிட்டது. கெட்டில் ஏறியது, சாசேஜ் பொரிந்தது. விருந்தாளிகளைக் கீழே கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"டீ குடி."

"வேண்டாம்டி, உனக்கு எதுக்குச் சிரமம்—"

"குடி."

"இல்ல, நிஜமாவே—"

"குடிக்கலன்னா தலையில ஊத்துவேன்."

நோரீன் முகம் மலர்ந்தது. "நீ இவ்வளவு தூரம் சொல்றதால, அரை கப்."

அரை கப் என்றவள் ஒரு பாத்திரத்தைக் காலி செய்தாள். சிரித்துச் சிரித்து மாஸிக்குப் புரையேறியது. அடுத்த நாட்களில் அந்த வீட்டுப் பக்கம் வந்த யாரும் தப்பவில்லை. எட்டிப்பார்த்த டோர்பியோர்ன் வேண்டாம் என்றார், ஊற்றினார்கள். போதும் என்றார், மறுபடி ஊற்றினார்கள். வெலவெலத்துப்போய் ஃபின்டனிடம் கேட்டார்:

"நான் நார்வே மொழிலதானே சொன்னேன்?"

கடைசி நாள் விமான நிலையத்தில் நோரீன் சொன்னாள்: "கிறிஸ்துமஸுக்கு மூணு பேரும் எங்க வீட்டுக்கு வந்துடுங்க."

"வேண்டாம்டி, உனக்கு எதுக்குச் சிரமம்."

"சரி" என்றாள் நோரீன். பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தாள்.

டெர்வ்லாவுக்குப் பகீரென்றது. ஊரில் ஒரு கிறிஸ்துமஸ், அதுவும் நோரீன் வீட்டில். அதற்கு எத்தனை வருடமாக ஏங்கினாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். கொஞ்ச தூரம் போன நோரீன் திரும்பினாள். அடக்க முடியாத சிரிப்பு.

"எப்படி இருந்துச்சு? அன்னிக்கு எங்களுக்கும் அப்படித்தான் இருந்துச்சு. சரி, ரெண்டாவது தடவை கேக்கறேன். வர்றியா?"

"இல்ல நோரீன், உன் வீட்ல இடம் எங்க இருக்கு..." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"மாஸி, பாத்தியா? எங்கயும் போகல, நம்ம டெர்வ்லாதான் இவ."

கிட்டி அழும் நிலைக்கு வந்துவிட்டாள். "அம்மா, ஏன் பொய் சொல்றே? எனக்குப் போகணும்."

விமானத்துக்கு அழைப்பு வந்தது. நோரீன் பெட்டியைத் தூக்கினாள். டெர்வ்லா எட்டி அவள் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது.

"போயிடாதடி. இன்னும் ஒரு தடவை கேளு."