வாங்கோ, பிரதர்

காலை பத்து மணி இருபத்தெட்டு நிமிடத்துக்கு வெளிக் கேற் திறக்கும் சத்தம் கேட்டது. நேரம் இவ்வளவு சரியாக நினைவிருப்பதற்குக் காரணம், அன்று பத்தரைக்கு மின்வெட்டு. கோயில் பீடத் துணிகளை அதற்குள் அயன் பண்ணி முடிக்க வேண்டுமென்று சுவர் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து வேலை செய்துகொண்டிருந்தேன். சனிக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லை. மறுநாள் பூசைக்கு அந்தத் துணிகள் வேண்டும்.

வந்தது என் மகன். ஏழு வருடமாகக் குருமடத்தில் படித்துக்கொண்டிருந்தவன். வெள்ளை அங்கி இல்லை. கட்டம் போட்ட சேட்டும் பழைய நீளக் காற்சட்டையும் போட்டிருந்தான். இரண்டு கையிலும் இரண்டு பை. விடுமுறைக்கு வருகிறவர் ஒரு பையோடுதான் வருவார். எனக்கு அது அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

"வாங்கோ பிரதர், என்ன, லீவு தந்திட்டினமோ?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

அவன் பைகளைக் கீழே வைக்கவில்லை. "அம்மா, நான் விட்டிட்டு வந்திட்டன்" என்றான்.

குருமடத்தில் படிக்கிறவர்களை எங்கள் ஊர்க் கத்தோலிக்கர் பிரதர் என்றுதான் கூப்பிடுவார்கள். படிப்பு முடிந்து குருப்பட்டம் பெற்றால் பாதர். இடையில் விட்டுவிட்டு வந்தால் கூப்பிட ஒரு சொல்லும் கிடையாது.

"துரத்திப்போட்டினமோ?"

"இல்லையம்மா."

"பொம்பிளைப் பிள்ளை ஆரும்?"

"இல்லை."

"அப்ப ஏன் வந்தனீங்கள்?"

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "ஏன் வந்தனி எண்டு கேளுங்கோவன் அம்மா. பாதரிட்டக் கேக்கிற மாதிரி ஏன் வந்தனீங்கள் எண்டு கேக்கிறியள்."

எனக்கு அது காதில் ஏறவே இல்லை. "உங்கட அப்பாவுக்கு நான் என்ன சொல்லுறது?" என்று கேட்டேன். அவனுடைய அப்பா இறந்து அப்போது நான்கு வருடம். துறைமுகத்தில் கப்பல் இழுக்கும் டக் படகில் வேலை செய்தவர். மகன் பட்டம் பெற்று வைக்கும் முதல் பூசையைப் பார்த்துவிட்டுத்தான் கண் மூடுவேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவர், ஒரு நாள் வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார். அவருடைய ஆசையை நான் சுமந்துகொண்டிருப்பதாகத்தான் அவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

அயன் பெட்டியைத் துணிமேல் வைத்தபடி நின்றுவிட்டேன். அந்த நேரம் மின்சாரம் போனது. இல்லாவிட்டால் பீடத் துணி கருகியிருக்கும்.

ஒன்பது நாள் அவன் வீட்டில் இருந்தான். ஏன் விட்டான் என்பதற்கு ஒரே ஒரு தடவைதான் பதில் சொன்னான். "பூசை வைக்கப் பயமில்லை அம்மா. ஆனா வேற ஆற்றையோ உடுப்பைப் போட்டுக்கொண்டு நிக்கிற மாதிரியே இருந்தது. ஏழு வருசமும் அது என்ர அளவுக்கு வரேல்ல." நான் சோறு போட்டேன். "இன்னும் கொஞ்சம் போடட்டோ, சாப்பிடுங்கோ" என்றேன். இந்த மரியாதை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மேசைமேல் இன்னொரு கோப்பை மாதிரி இருந்தது.

வெளியில் போனால் கதைதான். மீன் சந்தையில் எங்கள் கோயில் பெண் ஒருத்தி, "டீச்சர், உங்கட பிரதரை பஸ் ஸ்டாண்டடியில கண்டனான். மீசை விட்டிருக்கிறார், வடிவா இருக்கு" என்றாள். பக்கத்தில் நின்றவள், "இனிப் பொம்பிளை பாக்க வேண்டியதுதானே, குடுத்து வைச்சனீங்கள்" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து வாங்கிய மீனை வெட்டாமல் அப்படியே குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

பத்தாம் நாள் காலையில், உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதியில் வேலை கிடைத்திருக்கிறது, அங்கேயே தங்க அறையும் தருகிறார்கள் என்றான். "உங்கட விருப்பம்" என்றேன். போகும்போது என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். நான் ஏதோ சொல்வேன் என்று எதிர்பார்த்தான் என்று இப்போது நினைக்கிறேன். நான் கேற்றைப் பூட்டப் போனேன்.

உப்புவெளி எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் கால் மணித்தியாலம். கண்டிக் குருமடத்தில் இருந்தபோது அவன் தூரமாக இருக்கிறான் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அந்தக் கால் மணித்தியாலம்தான் ஏலாமல் போயிற்று.

பீடத் துணிகளைத் தோய்த்து, மடித்து, கோயிலில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, இனி வேறு யாரிடமாவது கொடுங்கள் என்றேன். முதன்முதலாக நற்கருணை வாங்கப்போகும் முதல்நன்மைப் பிள்ளைகளுக்கு ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். அதையும் விட்டேன். தலைச்சுற்று என்று சொன்னேன். பூசைக்குப் பிந்திப் போய், முடிவதற்கு முன் எழும்பி வந்துவிடுவேன். பிறகு அதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டாம் மணி அடிக்கிறது, இப்போது பாட்டுத் தொடங்கியிருக்கும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டு குசினிக் கதிரையில் இருப்பேன். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் மாவுக் கப்பலோ சீமெந்துக் கப்பலோ என்று காது தானாக யோசிக்கும். அதைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. ஒரு பேணி அரிசி போட்டால் அடுத்த நாளும் மிஞ்சும். செபமாலையை எடுப்பேன், இரண்டாவது மணியில் மனம் உப்புவெளிக்குப் போய்விடும். சாப்பிட்டானோ, காய்ச்சலோ, யாரோடு சேருகிறானோ, கடலில் குளிக்கப் போகிறானோ.

ஒரு சனிக்கிழமை பஸ் ஏறிப் போனேன். விடுதிக்கு எதிர்ப்பக்கம், குடையை விரித்துக்கொண்டு நின்றேன். மழை பெரிதாக இல்லை. அவன் உள்ளேயிருந்து வந்து ஆட்டோவில் வந்திறங்கிய வெள்ளைக்காரர்களின் பைகளைத் தூக்கினான். அவர்கள் ஏதோ சொல்ல, வாய்விட்டுச் சிரித்தான். அப்படி அவன் சிரித்து நான் கண்டு எத்தனையோ வருடம். கூப்பிடுவோமென்று வாயைத் திறந்தேன். பிரதர் என்று கூப்பிட ஏலாது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு ஏழு வருடம். அடுத்த பஸ்ஸில் ஏறித் திரும்பி வந்துவிட்டேன்.

ஞாயிறு பின்னேரங்களில் அவனே தொலைபேசி எடுப்பான். இரண்டு நிமிடத்துக்கு மேல் போகாது. ஒரு தடவை ஞாயிறு எடுக்கவில்லை. திங்கட்கிழமை பள்ளிக்கூட இடைவேளையில் எடுத்தான். ஆசிரியர் அறையில் இருந்து கதைத்தேன். "ஓம். சுகமா இருக்கிறீங்களோ? சாப்பிட்டனீங்களோ? சரி. உடம்பைப் பாத்துக்கொள்ளுங்கோ. வைக்கட்டோ?"

எதிரில் இருந்து வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கிண்ணியாவிலிருந்து வரும் விஞ்ஞான டீச்சர். எனக்கு ஒத்த வயது. எதையும் மனதில் வைத்திருக்கத் தெரியாது.

"ஆரு, வலயக் கல்விப் பணிப்பாளரா?" என்று கேட்டார்.

"இல்லை. மகன்."

"மகனா?" வடையை வைத்துவிட்டார். "யா அல்லாஹ்! மகனோட ஆராச்சும் இப்பிடிக் கதைப்பாங்களா? நான் நினைச்சன் உங்களுக்கு இடமாற்றம் வந்திட்டெண்டு. நான் என்ட மூத்தவன டேய்னு கூப்பிட்டாத்தான் அவன் திரும்பியே பார்ப்பான். மரியாதையாக் கூப்பிட்டா, உம்மாக்கு ஏதோ வருத்தம்னு ஓடி வருவான்."

அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நான் கோபிக்க நினைத்தேன். கோபம் வரவில்லை. அடுத்த பாடத்துக்கு மணி அடித்தும் எழும்பாமல் இருந்தேன்.

அவன் முதன்முதலாக வெள்ளை அங்கியோடு வீட்டுக்கு வந்த நாள் ஞாபகம் வந்தது. கோயில் திருவிழா. வீடு நிறையப் பெண்கள். அவன் வாசலில் கால் வைத்ததும் எல்லோரும் கதிரைகளிலிருந்து எழும்பினார்கள். நானும் எழும்பி, "வாங்கோ பிரதர், இருங்கோ" என்றேன். பகிடிக்குத்தான். எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். எனக்கு அந்தச் சிரிப்பு தேனாக இருந்தது. சாமியாரைப் பெற்றவள். அந்த ‘ங்கோ’ அதற்குப் பிறகு என் வாயை விட்டுப் போகவில்லை. பத்தொன்பது வயதுப் பிள்ளை அன்று இரவு குசினிக்குள் வந்து, "அம்மா, பசிக்குது" என்றபோதும், "இருங்கோ, தாறன்" என்றுதான் சொன்னேன்.

அன்று பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்குப் போகாமல் கோயிலுக்குப் போனேன். ஒருவரும் இல்லை. ஒரு பக்கக் கதவு மட்டும் திறந்திருந்தது. பின்வரிசை மர வாங்கில் உட்கார்ந்து, வழக்கம்போல், ‘ஆண்டவரே, நீர்...’ என்று தொடங்கினேன். தொடங்கிய சொல்லிலேயே நின்றுவிட்டேன். இருபத்தைந்து வருடமாகத் தமிழ் படிப்பிக்கிறேன். நீ, நீர், நீங்கள் என்று கரும்பலகையில் எழுதி எத்தனை வகுப்புக்கு விளக்கியிருப்பேன். வானத்தையும் பூமியையும் படைத்தவரை நான் ‘நீர்’ என்கிறேன். ஒரு நாளும் ‘நீங்கள்’ என்று அவரைத் தள்ளி வைத்ததில்லை. நான் பெற்ற பிள்ளையைக் கடவுளையும்விடத் தூரத்தில் கதிரை போட்டு இருத்தியிருக்கிறேன்.

கடவுளுக்குக் கொடுத்தேன் என்று நினைத்திருந்தேன். அந்தத் திருவிழா நாளில் எழும்பி நின்ற பெண்களுக்குத்தான் கொடுத்திருக்கிறேன். கடவுள் அவனை என்னிடம் அங்கி இல்லாமல், இரண்டு பையோடு, பகல் வெளிச்சத்தில் வாசலில் கொண்டுவந்து விட்டார். நான் யாரையோ தேடிக்கொண்டு அவனைத் தாண்டிப் பார்த்தேன். அழுதேன். அவமானத்துக்கு அழுகிற அழுகை வேறு, இது வேறு. எனக்கு வெளிச்சம் ஒன்றும் தெரியவில்லை, குரல் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் என் வீடு இடிந்துபோனதாக நான் நினைத்துக்கொண்டிருந்த இடத்தில் ஒரு பிள்ளை உயிரோடு நிற்கிறான், அதற்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை என்று விளங்கியது. நன்றி சொன்னேன். மாதக்கணக்குக்குப் பிறகு முழுதாகச் சொல்லி முடித்த செபம் அது ஒன்றுதான்.

மெழுகுதிரி மாற்ற வந்த சிஸ்டர் என்னைக் கண்டுவிட்டார். மறைக்கல்விக்குப் பொறுப்பானவர் அவர்தான். கண்ணைப் பார்த்திருப்பார், ஆனால் அதைப்பற்றிக் கேட்கவில்லை.

"டீச்சர், தலைச்சுற்று சுகமோ? முதல்நன்மை வகுப்புக்கு ஆளில்லை. நான் கத்திக் கத்தி என்ர தொண்டை போச்சு. அந்தப் பிள்ளையளுக்கு உங்களைக் கண்டாத்தான் பயம்."

"என்னைக் கண்டு பயந்தது போதும் சிஸ்டர்" என்றேன். "வாறன்."

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் முதல் வரிசைப் பெண்பிள்ளை கை தூக்கினாள். "டீச்சர், பிரதர் இனி வந்து எங்களுக்குப் பாட்டுப் பழக்கமாட்டாரோ?"

"அவன் இப்ப பிரதர் இல்லை. என்ர மகன்" என்றேன். அவன் என்ற சொல் அன்றுதான் என் வாயிலிருந்து வந்தது.

"அப்ப பாட்டு மறந்திட்டாரோ?" என்றாள்.

"மறந்திருக்கமாட்டான்."

அன்று பின்னேரம் நானே அவனுக்குத் தொலைபேசி எடுத்தேன். "சாப்பிட்டனியோ?" என்று கேட்டேன். 

"அம்மா, என்ன நடந்தது? சுகமில்லையோ? பக்கத்தில ஆர் நிக்கினம்?"

"ஒண்டும் இல்லையடா. சும்மா. நான் திரும்பக் கோயிலுக்குப் போறன். நீ... நீயும் ஒருக்கா வாவன்."

"பாப்பம்" என்றான். குரல் ஒரு மாதிரியாக இருந்தது. "அங்க வந்தா எல்லாரும் பாப்பினம் அம்மா."

"பாக்கட்டும்."

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. வேலை என்றான். இருக்கும். சுற்றுலாக்காரர் வருகிற காலம். நான் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தேன், பீடத் துணிகளைத் திரும்ப வாங்கி வந்து தோய்த்தேன், சாமம் எல்லாம் விழித்திருந்து காலையில் எழும்பிப் பூசைக்குப் போனேன். நம்பிக்கை வந்தால் பயம் போய்விடும் என்று சொல்லுவார்கள். எனக்குப் போகவில்லை. இரண்டும் ஒரே வாங்கில்தான் இருந்தன. வராவிட்டாலும் அவன் என் மகன்தான், கடவுள் அவனைக் கைவிடவில்லை என்று எனக்கு நானே சொல்லப் பழகிக்கொண்டேன். சில நாள் அதை நம்பினேன்.

மூன்றாவது ஞாயிறு நல்ல மழை. கோயிலில் சனம் குறைவு. எங்கள் கோயிலில் இன்னமும் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம்தான். நான் பெண்கள் பக்கம், கடைசி வாங்கின் ஓரத்தில் இருந்தேன். முதல் வாசகம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை. முன் வாங்கில் இருந்த மீன் சந்தைப் பெண் திரும்பினாள். திரும்பியவள் கண்ணை எடுக்கவில்லை.

நனைந்த சேட்டோடு என் மகன் வந்து, ஆண்கள் பக்கம் போகாமல், நான் இருந்த வாங்கடியில் நின்றான். குனிந்து என் காதுக்குள் சொன்னான்:

"அம்மா, கொஞ்சம் அங்கால அரக்கி இருங்கோ, நானும் இருக்க."