நலம் சொல்லும் பெட்டி

மலையில் நாலைந்து ஊர் சேர்ந்த வளப்பூர் நாட்டுப் பானுமதிக்கு நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைத்தபோது ஊரில் பாதிப்பேர் சிரித்தார்கள், மீதிப்பேருக்கு வயிறு எரிந்தது. சேலத்து அறக்கட்டளை ஒன்று இரண்டாயிரத்து மூன்றில் மலையில் நாட்டுக்கு ஒன்றாகத் தகவல் மையம் திறந்தது. மிளகு விலை பார்க்கலாம், சான்றிதழுக்கு மனுப் போடலாம் என்றார்கள். பத்தாவது தேறியவர்களைத் தேடிப் பார்த்தால் எல்லாரும் திருப்பூர் பஸ் ஏறியிருந்தார்கள். அடிவாரத்துக் கோழிப்பண்ணையிலிருந்து லீவில் வந்திருந்த பானுமதிதான் அகப்பட்டாள்.

அவளுக்கு மிளகு விலையும் தெரியாது, கம்ப்யூட்டரும் தெரியாது. ஆனாலும் அந்த வேலையை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டாள். கேரளாவுக்கு மரம் வெட்டப் போன புருசன் திரும்பவே இல்லை. கைக்குழந்தை கௌசல்யாவைத் தாய் ராமாயியிடம் விட்டுவிட்டுத்தான் பண்ணைக்குப் போனாள். பண்ணையில் லேசில் லீவு தரமாட்டார்கள். அந்தத் தடவை அவள் வந்து வாசலில் நின்றபோது, அப்போதுதான் பேச்சுப் பழகியிருந்த பிள்ளை அவளை ஏற இறங்கப் பார்த்து, “ஏனுங்க, அம்மா காட்டுக்குப் போயிருக்குதுங்க” என்றது. அம்மா என்று அது சொன்னது ராமாயியை. பானுமதி அன்று கோழிநாற்றம் அடித்த பையோடு அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

மையம் வந்தபிறகு பிள்ளை அவள் மடிக்கு வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அம்மா என்ற சொல்லும் வந்தது. அவளுக்கு வேறென்ன வேண்டும்?

மையத்தின் உயிர்நாடி சுவரில் மாட்டியிருந்த ரவுட்டர். பச்சை விளக்கு மினுக்கும் சின்னப் பெட்டி அது. கீழேயிருந்து கம்பிக் கோபுரம் வழியாக வரும் இன்டர்நெட் லைனை வாங்கிக் கம்ப்யூட்டருக்குத் தருவது அதுதான். மலையில் கரண்டு ஏறும், இறங்கும். மின்னலோ கேட்கவே வேண்டாம். எடப்புளி நாட்டு மையத்துப் பெட்டி ஒரு மின்னலில் கருகிப்போனது. அங்கே இருந்தவள் கவனமில்லாதவள் என்று பேர் வாங்கி வீட்டுக்குப் போனாள். அதைக் கேட்டதிலிருந்து பானுமதி தூரத்தில் இடி உறுமினாலே பிளக்கைப் பிடுங்கிவிடுவாள். வேலை முடிந்து கிளம்பும்போதும் பிடுங்கித் துணி போட்டு மூடிவிட்டுத்தான் பூட்டுவாள். மலையில் டிவி வைத்திருக்கிற எல்லா வீட்டிலும் அதுதான் பழக்கம். ஒரு பெட்டியும் கெடாத மையம் என்று அறக்கட்டளைக்காரர்கள் அவளைப் பாராட்டவும் செய்தார்கள்.

மூன்றாம் வருசத் தொடக்கத்தில் சேலத்திலிருந்து சதீஷ்குமார் என்ற இன்ஜினியர் வந்தான். பெட்டிக்குள் புது மென்பொருள் ஏற்றினான். நல்ல பையன்தான், ஆனால் கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம்.

“இனிமே நீங்க போன் பண்ணிச் சொல்ல வேண்டாங்கக்கா. பொட்டியே எங்களுக்குச் சொல்லிரும். கரண்டு சரியில்லைன்னாலும் சூடாச்சுன்னாலும் லைன் தெணறுனாலும் அங்க பதிவாயிரும். வருசக் கடைசியில அதப் பார்த்துத்தான் எந்த மையம் இருக்கணும்னு முடிவு பண்ணுவாங்க.”

பேசாத பெட்டியைச் செத்த பெட்டியாகத்தான் அந்த மென்பொருள் கணக்கில் வைக்கும் என்பதை அவன் சொல்லவில்லை. அவன் ஊரில் யாரும் ரவுட்டரை அணைப்பதில்லை. அதனால் அது சொல்லவேண்டிய சங்கதி என்றே அவனுக்குத் தோன்றவில்லை.

பானுமதி பெட்டியைப் புதுசாகப் பார்த்தாள். இத்தனை நாள் கோளாறு என்றால் அவள் வாயால் பக்குவமாகச் சொல்லலாம். இனிப் பெட்டியே கோள் சொல்லும். ஆகவே அது குறை சொல்லும்படி எதுவும் நடக்கக்கூடாது. குண்டு பல்பு கொஞ்சம் மங்கினாலும் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினாள். தொட்டுப்பார்த்துச் சுட்டால் அணைத்து ஆறவைத்தாள். மனுக் கொடுக்க யாராவது வந்தால்தான் பெட்டியைப் போடுவாள். அந்த ஐப்பசியில் மழை விடாமல் கொட்டியது. பெட்டி பாதி மாதம் துணிக்குள்ளேயே கிடந்தது. ஒரு குறையும் பதிவாகியிருக்காது என்று அவள் நிம்மதியாக இருந்தாள். பாவி மகள், தன் கையாலேயே தன் பிழைப்பை அணைத்துக்கொண்டிருந்தாள்.

வருசக் கடைசியில் சதீஷ்குமார் மறுபடி வந்தான். இந்தத் தடவை பெட்டியைக் கழற்றிக்கொண்டுபோக வந்திருந்தான். மையத்தை மூடுகிறார்கள் என்று தரையைப் பார்த்துச் சொன்னான்.

“ஒரு நாள் கூடக் கெட்டுப்போகலீங்களே” என்றாள் பானுமதி. “கரண்டு ஆடுனா நான் போட்டே வெக்கிறதில்லீங்களே.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். விசயம் புரிந்துவிட்டது. சேலத்துத் திரையில் வளப்பூருக்கு நேரே வருசத்தில் முக்கால்வாசி நாள் செத்த பெட்டி என்று சிவப்பாகவே இருந்தது என்று திக்கித் திக்கிச் சொன்னான். அங்கிருந்தே மேலதிகாரிக்குப் போன் போட்டும் பார்த்தான். மென்பொருள் பொய் சொல்லாது, முடிவு எடுத்தாகிவிட்டது என்று அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். ஒரு பெண்பிள்ளை எதற்காக அணைத்தாள் என்று கேட்கிற வசதி அந்த மென்பொருளில் இல்லை. அந்த மனிதருக்கும் இல்லை.

“இனிமே அணைக்கவே மாட்டேங்க, சாமி” என்றாள் அவள். அவன் வந்த வேலையைப் பார்த்தான். பழைய பதிவுகளை அழிப்பதற்காகப் பெட்டியை ஒருமுறை போட்டான். பச்சை விளக்கு எரிந்தது. பிறகு பிளக்கைப் பிடுங்கி, அவள் போட்டிருந்த துணியிலேயே சுற்றி எடுத்துப்போனான்.

தை பிறப்பதற்கு முன்பே பானுமதி பழைய பண்ணைக்குப் போய்விட்டாள். வேறு போக்கிடம் இல்லை. லீவு கிடைத்து மலையேறியபோது பலா பழுத்திருந்தது. வாசலில் விளையாடிக்கொண்டிருந்த கௌசல்யா எழுந்து நின்று அவளை நன்றாகப் பார்த்தது.

“கண்ணு” என்று இவள் கையை நீட்டினாள்.

பிள்ளை வீட்டுக்குள் திரும்பி ராமாயியைக் கூப்பிட்டது.

“அம்மா, யாரோ வந்திருக்காங்க.”

மறந்துபோய்ச் சொல்லவில்லை, மறுபடி விட்டுப்போனதற்குச் சொன்னது. பெற்றவளுக்கு அது தெரிந்தது.