பத்தொன்பதாம் நம்பர் ஸ்பானர்

அந்த ஸ்பானரைத் திருடியவன் நான்தான்!

சிரிக்கிறீர்களா? மாலையில் எடுத்தான், மறுநாள் காலையிலேயே திருப்பிக் கொண்டுவந்தான், இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்கிறீர்களா? இருங்கள்... முழுதும் கேளுங்கள்.

வயல்களுக்கு நடுவே இருக்கும் ஓர் அரசு மின் நிலையத்தில் எரிவாயு டர்பைன்களைப் பராமரிக்கும் வேலை எனக்கு. டர்பைனைத் திறந்து பழுது பார்த்தால், மூடுவதற்குமுன் கருவிகளை எண்ணியாக வேண்டும். ஒரு நட்டு உள்ளே தங்கினாலும் போதும், சுழலும் தகடுகள் அத்தனையும் சுக்குநூறாகும்.

எண்ணிக் கையெழுத்துப் போடுகிறவர் கலியபெருமாள் அண்ணன். பலகையில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்தை வெள்ளைப் பெயிண்டில் வரைந்து வைத்திருப்பார். ஒன்று குறைந்தாலும் கண்ணில் பட்டுவிடும். தன் எண்ணிக்கையில் அவருக்கு அத்தனை பெருமை!

அன்று மாலை எண்ணி, கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். என் வயலிலோ பம்புசெட் மக்கர் செய்ததில் குறுவை நாற்றங்கால் காய்ந்துகொண்டிருந்தது. பத்தொன்பதாம் நம்பர் ஸ்பானரை எடுத்துச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன். நாற்று பிழைத்தது!

காலையில் சத்தமில்லாமல் மாட்டிவிடலாம் என்று வந்தால்... டர்பைனை ஓட்டுமுன் எடுக்கும் மறு எண்ணிக்கை முடிந்திருந்தது. டர்பைனுக்குள் கேமராவை விட்டுத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"நேத்து எண்ணுனீங்களா, எண்ணாமலே கையெழுத்துப் போட்டீங்களா?" என்றார் என்ஜினியர்.

"எண்ணுனேன் சார்... எல்லாம் இருந்துச்சு." அண்ணன் பலகையையே பார்த்துச் சொன்னார்.

அப்போதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டாமா? வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? வேலை போய்விடுமே என்ற பயம்தான் இருந்தது. டர்பைன் பக்கத்தில் கிடந்த தார்ப்பாயை உதறுவதுபோல் குனிந்து, ஸ்பானரை அதனடியில் செருகி, "இந்தா இருக்கு!" என்று கத்தினேன்.

கைதட்டினார்கள்! அண்ணன் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். ஆனால் யோசித்துப் பாருங்கள்... தார்ப்பாயின் கீழே கிடந்தது என்றால், அவர் முதல்நாள் எண்ணவேயில்லை என்றுதானே ஆகும்? கருவியறைச் சாவியை வாங்கிக்கொண்டு, அவரைக் காற்று வடிகட்டிகளில் அடையும் வைக்கோல் தூசியைத் தட்ட அனுப்பிவிட்டார்கள்.

சாவி போனதுகூடப் பெரிதில்லை. அண்ணனுக்குத் தன் கண்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. எண்ணினோமா, எண்ணியதாக நினைத்தோமா என்று அவருக்கே தெரியவில்லை. அதன்பிறகு வீட்டைப் பூட்டினால் மூன்று தரம் இழுத்துப் பார்ப்பார். பஸ்ஸில் டிபன் பாக்ஸைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். எல்லோரும் கேலி செய்வோம். அதிகமாகக் கேலி செய்தவன் நான்... பாவி!

போன மாதம் திருக்கடையூரில் அவருக்கு அறுபதாம் கல்யாணம். பட்டு வேட்டியும் மாலையுமாகப் புது மாப்பிள்ளைபோல் கூச்சம் வேறு.

"மொதக் கல்யாணத்துல இந்த வெக்கம் எங்க போச்சு?" என்று அண்ணி கேட்க, மண்டபமே சிரித்தது.

எப்படியும் சொல்லிவிடுவது என்றுதான் போயிருந்தேன். அபிஷேகக் கலசங்கள் வரிசையாக இருந்தன. அண்ணன் விரல் நீட்டி எண்ணினார். மறுபடி எண்ணினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"பதினாறு இருக்கான்னு நீ ஒருதரம் எண்ணிச் சொல்லு தம்பி. நான் எண்ணுனா சரியா இருக்காது. அன்னைக்கே பாத்தியே!"

எண்ணினேன். பதினாறு.

"சரியா இருக்குண்ணே" என்றேன். அன்றைக்கும் சரியாகத்தான் இருந்தது என்று சொல்ல நாக்கு எழவில்லை... உங்களிடம் இத்தனை சரளமாகப் பேசுகிற நாக்கு!

தலைக்குமேல் சல்லடையைப் பிடித்தார்கள். முதல் கலசத்தை நான்தான் ஊற்ற வேண்டும் என்று அண்ணன் பிடிவாதம் பிடித்தார்.

"மெதுவா ஊத்து தம்பி, குளுருது!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தபடியே ஊற்றினேன். ஈரம் சொட்டச் சொட்ட, கண்ணை மூடிக்கொண்டு, அவர் வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டிருந்தார்.