எட்டு மாதம் விலை கேட்ட கம்ப்யூட்டர்

ஒரு கம்ப்யூட்டர் வாங்க எங்கள் வீட்டில் எட்டு மாதம் ஆயிற்று. பங்குனியில் விலை கேட்க ஆரம்பித்து ஐப்பசியில் வாங்கினோம். அதற்குள் எதிர்வீட்டுக்காரர் பழைய வீட்டை இடித்து, அஸ்திவாரம் தோண்டி, மாடி எழுப்பி, பால் காய்ச்சிக் குடியேறிவிட்டார். அவர் சிமெண்டுக்கும் கம்பிக்கும் அலைந்ததைவிட அப்பா ஒரு பெட்டிக்கு அலைந்தது அதிகம். எல்லா அலைச்சலுக்கும் நானும் கூடப் போனவன் என்பதால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

அப்பாவுக்குத் திருவனந்தபுரம் ஆரியசாலையில் வற்றல் மிளகாய் மொத்த வியாபாரம். நாகர்கோவில் பக்கமிருந்து வந்து தங்கிவிட்ட குடும்பம். தொண்ணூறுகளின் கடைசி அது. நான் ஐந்தாம் வகுப்பு. அக்கா பி.காம். முடித்துவிட்டு ஆறு மாதம் டி.டி.பி. படித்திருந்தாள். தமிழ், மலையாளம் இரண்டையும் விசைகளைப் பார்க்காமலே அடிப்பாள். அந்த ஊரில் அது லேசான விஷயமில்லை. எங்களவர்கள் கல்யாணப் பத்திரிகையை இரண்டு மொழியிலும் அச்சடிப்பார்கள். மலையாளம் அடிக்க ஆள் கிடைக்கும், தமிழுக்குத்தான் பஞ்சம். ஸ்டாச்சு ஜங்ஷன் பக்கம் அச்சகம் வைத்திருந்த ஒருவர் அக்காவிடம் வாக்குக் கொடுத்தார். வீட்டில் சொந்தமாகக் கம்ப்யூட்டர் இருந்தால், ஆவணி ஒன்றாம் தேதியிலிருந்து வருகிற தமிழ்ப் பத்திரிகை வேலை அத்தனையும் அவளுக்குத்தான். ஆவணி, கல்யாண மாதம். அன்றைக்கு அக்கா செருப்பைக் கழற்ற மறந்து அடுக்களைவரைக்கும் போய் அம்மாவிடம் திட்டு வாங்கினாள்.

பெண்ணை வெளியே வேலைக்கு அனுப்ப அப்பாவுக்கு இஷ்டமில்லை. வீட்டிலிருந்தே செய்கிற வேலை என்பதால் ஒத்துக்கொண்டார். கையில் பணமும் இருந்தது. ஆனால் அவர் மொத்த வியாபாரி. எதையும் மூன்று இடத்தில் பார்க்காமல், மாதிரி எடுத்து வெயிலில் பிடிக்காமல், கிள்ளி முகர்ந்து தும்மாமல் வாங்கியதே இல்லை.

இரண்டு கடைகள் தேறின. ஓவர்பிரிட்ஜ் பக்கம் மாடியில் இருந்த கடையின் மெஷினுக்கு வேகம் முந்நூறு. ஆனால் ஹார்ட் டிஸ்க் இரண்டு ஜி.பி. பாளையத்துக் கடையில் ஹார்ட் டிஸ்க் நாலு ஜி.பி.; ஆனால் வேகம் இருநூற்று முப்பத்துமூன்று. விலை ஏறக்குறைய ஒன்றுதான். எதை எடுப்பது?

அப்பா அதைத் தன் தொழிலுக்குள் கொண்டுவந்து புரிந்துகொண்டார். ஹார்ட் டிஸ்க் என்பது குடோன். பிராசசர் என்பது மூட்டை தூக்குகிற சுமட்டுக்காரன். இன்றுவரை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு விளக்கியதில்லை. கோளாறு என்னவென்றால், விளங்கிய பிறகும் அவருக்கு முடிவு வரவில்லை.

"குடோன் எம்புட்டு பெருசா இருந்து என்ன, சுமட்டுக்காரன் ஆமை மாதிரி நடந்தாம்னா லோடு எப்ப ஏறும்?" என்பார் காலையில். சாயங்காலம் கடையடைத்து வரும்போது, "அவன் பறக்கட்டுமே, மூட்டைய வைக்க எடம் வேண்டாமா?" என்பார்.

"எனக்கு எது ஆனாலும் போதும்ப்பா" என்பாள் அக்கா. அவளுக்குச் சரக்கு பார்க்கத் தெரியவில்லை என்று அப்பா வருத்தப்படுவார்.

ஓவர்பிரிட்ஜ் கடைக்காரர் பொறுமைசாலி. பெட்டியைத் திறந்து உள்ளே காட்டச் சொன்னார் அப்பா. மூட்டையில் குத்தூசி விட்டு உள்சரக்கைப் பார்க்கிற பழக்கம். "அண்ணாச்சீ, இது முளகல்லல்லோ, குத்தி நோக்கான்" என்று, குத்திப் பார்க்க இது மிளகாய் இல்லையே என மலையாளத்தில் சொல்லிச் சிரித்துக்கொண்டே கடைக்காரர் திருகாணிகளைக் கழற்றினார். அப்பா குனிந்து ஐந்து நிமிடம் பார்த்தார். உள்ளே சின்ன மின்விசிறி ஒன்று இருந்தது. "சுமட்டுக்காரனுக்கு ஃபேன் போட்டுக் குடுத்திருக்கான்" என்றார் என்னிடம், மெச்சுதலோடு.

பிறகு பந்தயம் வைத்தார். அக்கா ஃபிளாப்பியில் போட்டுத் தந்த ஒரு கல்யாணப் பத்திரிகையை இரண்டு கடையிலும் திறக்கச் சொல்லி, அது திரையில் முழுசாக வரும்வரை என்னை எண்ணச் சொன்னார். வாய்விட்டு எண்ண எனக்கு வெட்கம். மனசுக்குள் எண்ணி அவர் காதில் சொன்னேன். மாடிக்கடையில் இருபத்தொன்று, பாளையத்தில் முப்பது. அதோடு முடிந்தது என்று நினைத்தோம். "இது ஒரு பத்திரிகைதானே? நூறு பத்திரிகை சேர்ந்தா வைக்க எடம்?" என்று அப்பா மறுபடி பாளையத்துக்குக் கிளம்பினார்.

போன மாதம் என் மகள் லேப்டாப் வாங்குவதற்காக எது வேகம், எதில் எவ்வளவு சேமிக்கலாம் என்று மூன்று வாரமாகக் கைபேசியைப் பார்த்துப் பார்த்துப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தாள். எதையாவது எடுத்துத் தொலையேன் என்று கத்திவிட்டேன். நான் வீட்டில் சத்தம் போட்டுப் பேசுகிறவன் இல்லை. எல்லோரும் திகைத்துப் போய்ப் பார்த்தார்கள்.

அப்பாவின் குழப்பத்துக்கெல்லாம் மேலே அப்போது இன்னொரு தொல்லை வந்தது. வைகாசியில் விலை கேட்டால் சித்திரையைவிடக் குறைவு. ஆனியில் அதைவிடவும் குறைவு. மிளகாய் வியாபாரத்தில் பாலபாடம் ஒன்று உண்டு. விலை இறங்கிக்கொண்டிருக்கும்போது வாங்கக் கூடாது. அடியில் போய் நின்று மேலே திரும்பும்போதுதான் கை வைக்க வேண்டும். "எறங்குத சரக்கத் தொடப்பிடாது" என்று அப்பா சந்தோஷமாகச் சொன்னார். வாங்காமல் இருந்த ஒவ்வொரு மாதமும் லாபம் சம்பாதித்த மாதிரி அவர் முகம் பொலிந்தது. கம்ப்யூட்டர் விலைக்கு அடி என்று ஒன்று கிடையாது என்பதை ஆரியசாலையில் அவருக்கு யார் சொல்வது?

ஆனி முடிய ஒரு வாரம் இருந்தது. ஆடி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் புதுச்சாமான் வாங்க மாட்டார்கள். அக்கா அப்பாவிடம் ஒரு தடவைகூட எதிர்த்துப் பேசியதில்லை. அந்த வாரம் மட்டும் தினமும் ஆவணியை ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தாள். அம்மாவும் முணுமுணுத்தாள். கடைசியில் அப்பா இறங்கி வந்தார். மாடிக்கடை மெஷின் என்று முடிவாயிற்று. "புதன்கெழமை மத்தியானம் சாப்பிட்டுட்டு எடுத்துக்கிடுவோம்." அக்கா முன்னறையில் மேசையைத் துடைத்து ஜன்னலோரமாக நகர்த்திப் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை அப்பாவும் நானும் கடைக்காரரிடம் சொல்லிவைக்கப் போனோம். அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது நான் வழக்கம்போல மூலையில் இருந்த மெஷினில் சீட்டு விளையாடினேன். பக்கத்தில் ரிப்பேர் செய்துகொண்டிருந்த இரண்டு பேர் மலையாளத்தில் பேசிக்கொண்டார்கள். அடுத்த மாதம் புது மாடல் வருகிறது, வேகமும் கூடுதல், ஹார்ட் டிஸ்கும் இரட்டி, அது வந்ததும் இதன் விலை இடியும் என்று.

புதன்கிழமை சாப்பிட உட்கார்ந்தோம். பெரியவர்கள் பேசும்போது நான் வாய் திறப்பதில்லை. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான், வருகைப்பதிவுக்குக்கூடக் குரல் வராமல் கையைத் தூக்குவேன். அன்றைக்கு என்ன தைரியமோ, "அப்பா, அடுத்த மாசம் வெல இடியுமாம்" என்றேன்.

அப்பாவின் கை சோற்றிலேயே நின்றது. "யாருலே சொன்னா?"

"கடையில ரிப்பேர் பாக்கவங்க. அவங்களுக்குள்ள பேசிக்கிட்டாங்க. புதுசுல குடோனும் பெருசு, சுமட்டுக்காரனும் வேகமாம்."

"பாத்தியா" என்று அம்மாவைப் பார்த்தார் அப்பா. "நாம வெல பேசிக்கிட்டிருக்கோம், பய சீட்டு வெளையாடுத மாதிரி இருந்துக்கிட்டு உள்ளுக்குள்ள நடக்கத கேட்டுட்டு வந்திருக்கான். வியாபாரிக்குக் காதுதாம்லே மூலதனம்."

"அப்பா, ஆவணி ஒண்ணுக்கு பிரஸ்ஸுல..." என்றாள் அக்கா.

"ஒரு மாசந்தானே மக்களே. கேட்டியில்லா, ரெண்டு கொறையும் ஒண்ணா தீருது."

"வார மாசம் ஆடியில்லா" என்றாள் அம்மா.

"அப்பம் ஆவணியில எடுப்போம். ஓடியா போயிரும்?"

அப்பா தன் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்து என் இலையில் வைத்தார். என்னை நாலு பேருக்கு நடுவே ஒருவர் மெச்சியது அதுதான் முதல் தடவை. படிப்பு எனக்கு வரவில்லை. அந்த வருஷத்தோடு பள்ளிக்கூடமும் நின்றது. அந்த அப்பளத்தைப் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அக்கா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனாள். பசியில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆவணியில் விலை மேலும் இறங்கியது. ஆகவே அப்பா அப்போதும் தொடவில்லை. ஐப்பசியில் ஒரு வழியாக வாங்கினார். மறுமாதம் வாங்கிய மெஷினின் விலையும் இறங்கியபோது இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. தையில் அக்காவுக்குக் கல்யாணமாகி வள்ளியூருக்குப் போய்விட்டாள். அவளுடைய கல்யாணப் பத்திரிகையை வெளியே கொடுத்துத்தான் அடித்தார்கள். அந்த மெஷினின் வேகத்தையும் இடத்தையும் முழுக்க அனுபவித்தவன் நான் ஒருவன்தான், சீட்டு விளையாடியே.

அதற்கெல்லாம் முன்பு, ஆவணி பிறந்து மூன்றாம் நாள், அக்கா ஒரு மாதம் தவணை கேட்கலாம் என்று அச்சகத்துக்குப் போனாள். காலையில் போனவள் பதினோரு மணிக்கே திரும்பிவிட்டாள். அச்சகக்காரர் ஒன்றாம் தேதி முழுக்கக் காத்திருந்தாராம். மறுநாள் கரமனையிலிருந்து ஒரு பெண் வந்து கேட்டிருக்கிறாள். வேலையை அவளுக்குக் கொடுத்துவிட்டார். அவள் வைத்திருந்தது இருநூறு வேகமுள்ள பழைய மெஷின். அம்மாவிடம் இதைச் சொல்லிவிட்டு அக்கா மாடிப்படியில் போய் உட்கார்ந்தாள்.

அவளைத் தேற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பக்கத்தில் போய் நின்றேன்.

"எக்கா, நேத்து அப்பா விசாரிச்சாங்க. வெல இன்னும் கொறஞ்சிருக்கு. அன்னைக்கே வாங்கியிருந்தா நாம ஏமாந்திருப்போம். புரட்டாசியில இன்னும் எறங்குமாம்."

அவள் என் தலையில் கையை வைத்து, எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள்.

"ஆமாலே" என்றாள். "இன்னும் எறங்கும்."

பி.காம். படித்தும் இத்தனை மாதம் சந்தை நிலவரம் பிடிபடாமல் இருந்தவளுக்கு ஒரு வழியாக விளங்கிவிட்டது. எனக்குப் பெரிய நிம்மதி. அப்பாவிடம் சொல்லக் கடைக்கு ஓடினேன்.